செஞ்சிக் கோட்டை: 3 வயசு, 7 வயசுப் பிள்ளைகளோட ஒரே நாள்ல போய் வர முடியுமா?

தாம்பரத்தம்மா (கேள்வி)

வணக்கம். ஜனவரியில ஒரு சனிக்கிழமை செஞ்சிக் கோட்டைக்குப் போகலாம்னு இருக்கோம். காலையில தாம்பரத்துல கிளம்பி ராத்திரிக்குள்ள வீடு திரும்பணும். சொந்தக் கார். பெரியவங்க நாங்க ரெண்டு பேர், மூட்டு வலி உள்ள மாமியார், 7 வயசுப் பொண்ணு, மூணரை வயசுப் பையன். பையன் நல்லா நடப்பான், ஆனா அரை மணி ஆனா "தூக்கு"ன்னு நின்னுடுவான்.

கோட்டையில இருக்கிற ராஜகிரி மலை உச்சிக்கு இவங்களோட ஏறலாமா, இல்ல அங்கேயே இருக்கிற கிருஷ்ணகிரி மலை போதுமா? ஏறவே வேண்டாம்னா, கீழே மட்டும் பார்க்க அரை நாளுக்கு விஷயம் இருக்கா? முதுகுல மாட்டுற கேரியர் வாங்கலாமா, ஸ்ட்ரோலர் போதுமா? குரங்குத் தொல்லை நிஜமாவே அவ்வளவா? யூடியூப்ல எல்லாரும் உச்சியில நின்னு கையாட்டுறாங்க. பிள்ளைங்களை எப்படிக் கீழே இறக்கினாங்கன்னு ஒருத்தரும் காட்டல.

கோட்டைமேட்டான்

கடைசி வரியில கேட்டீங்க பாருங்க, அதுதான் முதல்ல கேட்க வேண்டியது. செஞ்சியில பிள்ளைங்க ஏறிடுவாங்க. வம்பு எல்லாம் இறங்கும்போதுதான். வெயில் ஏறியிருக்கும், கால் ஓய்ஞ்சிருக்கும், தூக்கம் சொக்கும், படியில மணல் கிடக்கும்.

ராஜகிரி சுமார் 800 அடி. பெரியவங்களுக்கே நின்னு நின்னு ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். 7 வயசுக்கு ரெண்டு மணி நேரம்னு வெச்சுக்கோங்க. படிகள் ஒரே அளவுல இருக்காது. நாலு படி சாதாரணமா இருக்கும், அஞ்சாவது படி உங்க பையனோட முழங்காலைத் தாண்டும். மூணரை வயசோட உச்சி வரைக்கும் வேண்டவே வேண்டாம். ராஜகிரிதான் வேணும்னா வழியில இருக்கிற கமலக்கண்ணியம்மன் கோயில் வரைக்கும் போய், உட்கார்ந்து, தண்ணி குடிச்சுட்டுத் திரும்பிடுங்க. மலை ஏறினோம்னு பிள்ளைகளுக்கு அதுலயே நிறைஞ்சிடும்.

உங்க குடும்பத்துக்குக் கிருஷ்ணகிரிதான் பொருந்தும். திருவண்ணாமலை ரோட்டுக்கு வடக்குப் பக்கம் இருக்கிற மலை. உயரம் குறைவு, பெரியவங்க முக்கால் மணிக்குள்ள ஏறிடலாம், பிள்ளைகளோட ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. மேலே களஞ்சியங்கள், ரங்கநாதர் கோயில், குவிமாடம் வெச்ச ஒரு தர்பார் மண்டபம். அந்த மண்டபத்துல காத்து அள்ளிக்கிட்டுப் போகும், உட்கார்ந்து இளைப்பாற நல்ல இடம். இந்த மலையோட குறை, ஏறுற வழியில நிழல் கிடையாது. அதனால இதைத்தான் காலையில முதல்ல முடிக்கணும். பலபேர் கீழே இருக்கிற கட்டடங்களை ஒவ்வொண்ணாப் பார்த்து முடிச்சிட்டு 11 மணிக்கு மலையில கால் வைக்கிறாங்க. அப்போ பாறை தோசைக்கல்லா ஆகியிருக்கும். மேலேயிருந்து மட்டும் இல்ல, பாறையில இருந்தும் சூடு அடிக்கும். பிள்ளைங்க உயரம் கம்மி, பாறைச் சூடு நேரா மூஞ்சியிலதான் படும். முதல்ல மலை, வெயில் ஏறினப்புறம் கூரை போட்ட கட்டடங்கள். இந்த வரிசையை மாத்தாதீங்க.

காலையில 5 மணிக்குக் கிளம்பினா தூங்குற பிள்ளைகளை அப்படியே வண்டியில போட்டுக்கலாம். ஜி.எஸ்.டி. ரோட்டுல திண்டிவனம் வந்து, டிபனை முடிச்சுக்கோங்க. அங்கேயிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர். செஞ்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி திருவண்ணாமலைப் பக்கம் ரெண்டு கிலோமீட்டர்ல கோட்டை. தொல்லியல் துறை டிக்கெட் ஆளுக்கு 25 ரூபாய், 15 வயசுக்குக் கீழே இலவசம். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, இன்னொரு மலைக்கும் காட்டணும். கவுன்ட்டர் பக்கம் கழிப்பறை இருக்கு. மேலே எங்கேயும் இல்ல. பிள்ளைகளுக்கு வருதோ இல்லையோ, ஏறுறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போயிடுங்க.

கீழே அரை நாளுக்கு விஷயம் இருக்கான்னு கேட்டீங்க. தாராளமா இருக்கு, மாமியாரும் கூடவே வரலாம். ராஜகிரி அடிவாரத்துல கல்யாண மகால், களஞ்சியம், உடற்பயிற்சிக்கூடம், குதிரை லாயம், ஆனைக்குளம் எல்லாம் கிட்டக்கிட்ட. கல்யாண மகால் நடுவுல சதுரமா முற்றம், அதுக்கு மேல அடுக்கடுக்கா எழும்பி உச்சியில கூம்பா முடியுற கோபுரம். உள்ளே ஏறுற படி குறுகல், கொஞ்சம் இருட்டு. திறந்திருந்தா பெரியவங்க ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடி, நடுவுல பிள்ளைங்க. களஞ்சியத்துக்குள்ள போய்க் கத்தச் சொல்லுங்க, சத்தம் சுத்திச் சுத்தி வரும். அதுக்கப்புறம் அவங்களை வெளியே கொண்டு வர்றதுதான் உங்க வேலை.

நாலுபடி கீழே

மேலே சொன்ன வரிசையை அப்படியே எடுத்துக்கோங்க. நான் கைகால் சமாச்சாரம் மட்டும் சொல்றேன்.

ஸ்ட்ரோலரை வீட்டுலயே விட்டுடுங்க. கீழ்க்கோட்டையிலயே புல், மணல், உயரமான வாசற்படி எல்லாம் இருக்கு. தள்ளுற நேரத்தைவிடத் தூக்குற நேரம் அதிகமாயிடும். கேரியர்ல சட்டம் வெச்சது, துணியில தைச்சதுன்னு ரெண்டு வகை. சட்டம் வெச்சதே 3 கிலோ கிட்ட வரும், பையன் ஒரு 14 கிலோ, தண்ணியும் சேர்த்தா 18 கிலோவைத் தாண்டும். அதைவிட மோசம், பையன் உங்க தலைக்கு மேல உட்கார்ந்திருப்பான். நீங்க குனிஞ்சு வாசலைத் தாண்டுவீங்க, அவன் தலை நிலையில இடிக்கும். எடையும் மேலே நிக்கிறதால இறங்கும்போது முன்னாடி தள்ளும். துணிக் கேரியரே போதும். ஆனா முதுகுலதான் கட்டணும். முன்னாடி கட்டினா அடுத்த படி கண்ணுக்குத் தெரியாது. வாங்குறதுக்கு முன்னாடி அது எத்தனை கிலோ வரைக்கும் தாங்கும்னு லேபிள்ல பாருங்க. சிலது 15 கிலோவோட நின்னுடும். தோள்ல உப்பு மூட்டை தூக்குறது சமதளத்துக்குத்தான், படியில கூடாது.

முக்கியமா ஒண்ணு. உயரமான படி வந்தா, பிள்ளையோட ஒரு கையைப் பிடிச்சு வெடுக்குனு மேலே இழுக்குற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு. 5 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அப்படி இழுத்தா முழங்கை மூட்டுல எலும்பு நழுவிடும். பார்க்க வீக்கம் இருக்காது. பிள்ளை அழும், அந்தக் கையை லேசா மடக்கித் தொங்கவிட்டபடியே வெச்சுக்கும், பிஸ்கட் கொடுத்தாலும் இன்னொரு கையாலதான் வாங்கும். நீங்களா முறுக்கிப் பார்க்காம டாக்டர்கிட்டப் போங்க. சரி பண்ண அவருக்கு நிமிஷ வேலை. அதைவிட, ரெண்டு அக்குள்லயும் கை கொடுத்துத் தூக்கி வெச்சுட்டாப் பிரச்சினையே இல்ல.

இறங்கும்போது பெரியவங்க ஒரு படி கீழே, பிள்ளை மேலே. பாறை பக்கம் பிள்ளை, பள்ளம் பக்கம் நீங்க. விரலைப் பிடிக்காதீங்க, வேர்வையில வழுக்கிடும், மணிக்கட்டைப் பிடிங்க. ரொம்ப உயரமான படின்னா பையனைத் திரும்பி, ஏணியில இறங்குற மாதிரி வயிறு படியில உரச இறங்கச் சொல்லுங்க. ட்ரவுசர் அழுக்காகும், ஆகட்டும்.

பின்னாடி வார் வெச்ச செருப்பு, இல்லைன்னா கேன்வாஸ் ஷூ. ரப்பர் க்ராக்ஸ் வேண்டாம். வழவழன்னு தேய்ஞ்ச கருங்கல், அதுமேல மெல்லிசா மணல், அது மேல க்ராக்ஸ் வெச்சா சறுக்கு மரம்தான். மழை பெய்ஞ்சு ரெண்டு நாளைக்குள்ள போறதா இருந்தா மலையை விட்டுட்டுக் கீழே மட்டும் பாருங்க, பாசி காய்ஞ்சிருக்காது.

தண்ணி: மலைக்கு மட்டும் பெரியவங்களுக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர், பிள்ளைக்கு முக்கால். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ரெண்டு வாய் கொடுங்க, கேட்கட்டும்னு காத்திருக்காதீங்க. ஓஆர்எஸ் எடுத்துட்டுப் போறவங்க பாக்கெட்டோட அளவைப் பாருங்க. பெரிய பாக்கெட் முழுசையும் 1 லிட்டர்லதான் கலக்கணும், சின்னது 200 மில்லிக்கு. பெரியதைப் பிரிச்சு ஒரு டம்ளர்ல கொட்டினா உப்பு அடர்த்தி கூடி, வயிறு போய்க்கிட்டு இருக்கிற பிள்ளைக்கு இன்னும் கெடுதல். இனிப்பு ஜூஸ் டப்பாவை ஓஆர்எஸ்னு நினைச்சு வாங்கிடாதீங்க.

பிள்ளை விளையாட்டை நிறுத்திட்டு அமைதியாயிடுச்சு, முகம் செவந்திருக்கு, தலை வலிக்குதுங்குதுன்னா அது சோர்வு இல்ல, சூடு. அங்கேயே நிழல்ல உட்கார வெச்சு, கழுத்துலயும் அக்குள்லயும் ஈரத்துணி வெச்சு, தண்ணி கொடுத்து, தெளிஞ்சதும் இறங்கிடுங்க. "இன்னும் கொஞ்சம்தான் இருக்கு"ன்னு ஏறக் கூடாது. வாந்தி எடுத்தாலோ, கூப்பிட்டா சரியாப் பதில் சொல்லலைன்னாலோ, தெளியட்டும்னு காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரி.

பாலத்துக்கு அந்தப்பக்கம்

7 வயசுக்கு ராஜகிரி உச்சி வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். பெண் நல்லா நடக்கிறவள்னா, பெற்றோர் ரெண்டு பேரும் பிரிஞ்சுக்கலாம்: ஒருத்தர் மகளோட ராஜகிரி, ஒருத்தர் பையனோடும் பாட்டியோடும் கீழ்க்கோட்டை. கிருஷ்ணகிரியை அன்னிக்கு மறந்துடணும். ரெண்டையும் ஒரே நாள்ல பிள்ளையை ஏத்துறது வீம்பு.

போறதுன்னா உச்சிக்கு முன்னாடி வர்ற பாலத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. மலை அந்த இடத்துல இயற்கையாவே பிளந்திருக்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்துல இழுவைப் பாலம் போட்டிருந்தாங்க. பாலத்தைத் தூக்கிட்டா அந்தப் பக்கம் நாலு பேர் நின்னுகிட்டு ஒரு படையையே தடுக்கலாம். 1690-லேர்ந்து 1698 வரைக்கும் முகலாயப் படை சுத்தி நின்னும் சிவாஜியோட மகன் ராஜாராமை உள்ளே வெச்சுக்கிட்டு இந்தக் கோட்டை தாங்கினதுக்கு இந்த மாதிரி அமைப்பும் ஒரு காரணம். நடுவுல நின்னு கீழே எட்டிப் பார்க்க எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரும். நிக்க விடாதீங்க. முன்னாடியே சொல்லிவெச்சு, கையைப் பிடிச்சு, நிக்காம தாண்டிட்டு, அந்தப் பக்கம் போனப்புறம் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்க. எதிர்ல கூட்டம் வந்தா அது முடியட்டும்னு காத்திருங்க. செல்ஃபி எடுக்கிறவங்க பாலத்துலயே நிப்பாங்க, அவங்களோட போட்டி போடாதீங்க.

மேலே போனா கோயில், மணிக்கூண்டு, பழைய பீரங்கி. விளிம்புல எல்லா இடத்துலயும் தடுப்புச் சுவர் இருக்காது. பிற்பகல்ல மேலே ஏற விடுறதை நிறுத்திடுவாங்க. அதனால மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறலாம்னு திட்டம் போடாதீங்க.

இன்னொரு எச்சரிக்கை: செட்டிகுளம், சக்கரக்குளம் பக்கம் போனா கைதிகள் கிணறுன்னு ஒரு பாறைப் பிளவு இருக்கு. கைதிகளை உள்ளே இறக்கிப் பட்டினி போட்டுச் சாகடிச்ச இடம்னு சொல்வாங்க. கதை பெரிய பிள்ளைகளை இழுக்கும், அதனாலேயே ஓடிப் போய் எட்டிப் பார்ப்பாங்க. மணிக்கட்டுப் பிடி அங்கேயும் வேணும்.

கோட்டைமேட்டான்

பாலத்துக்காரர் சொல்றதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். 7 வயசுப் பிள்ளை ஏறிடும், சரி. இறங்கும்போது "கால் நடுங்குது"ன்னு உட்கார்ந்துட்டா 22 கிலோவை ஒத்தை ஆளாத் தூக்கிக்கிட்டு அந்தப் படியில இறங்க முடியுமா? கூட இன்னொரு பெரியவர் இருந்தா போங்க. இல்லைன்னா கமலக்கண்ணியம்மன் கோயிலோட நிறுத்திக்கோங்க.

குரங்கு: இருக்கு, நிறையவே. அதுங்க குறி வைக்கிறது கேரி பேக்கை. அந்தச் சரசரப்புச் சத்தம் கேட்டாப் போதும். அடுத்து கலர் பாட்டில். பிள்ளை கையில தின்பண்டம் கொடுக்காதீங்க, எல்லாம் ஜிப் வெச்ச முதுகுப் பையில. பிடுங்க வந்தா இழுத்துப் பிடிக்காம விட்டுடச் சொல்லிக் கொடுங்க. கடி விழுறது அந்த இழுபறியிலதான். பல்லைக் காட்டிச் சிரிக்கிறதும் கண்ணுக்குக் கண் முறைக்கிறதும் அதுக்குச் சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி. கீறினாலோ கடிச்சாலோ சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா செஞ்சி அரசு ஆஸ்பத்திரி. சின்னக் கீறல்தானேன்னு தடுப்பூசியைத் தள்ளிப் போடக் கூடாது.

பாறை இடுக்குல மலைத்தேனீக் கூடு தொங்கும். பிள்ளைங்க கல் எறியாம பார்த்துக்கோங்க, சென்ட் அடிச்சுட்டு வராதீங்க.

தாம்பரத்தம்மா

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கிருஷ்ணகிரி காலையில, கீழ்க்கோட்டை அப்புறம்னு முடிவாயிடுச்சு. ரெண்டு சின்னக் கேள்வி. சாப்பாடு கட்டிட்டு வரலாமா? தயிர் சாதம் மதியம் வரைக்கும் தாங்குமா? பொண்ணு "இங்க யாரு இருந்தாங்க"ன்னு கேட்டுக்கிட்டே வருவா, என்ன சொல்லலாம்?

நாலுபடி கீழே

தயிர் சாதம் தாங்கும், ஆனா தயிரைக் கொட்டிப் பிசையாதீங்க. சாதத்தைக் குழைய வடிச்சு, ஆறினதும் பால் ஊத்திப் பிசைஞ்சு, ரெண்டு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டுக் கிளறுங்க. மதியத்துக்குள்ள அதுவே பதமா உறைஞ்சிருக்கும். வெங்காயம், மாங்காய், திராட்சை எல்லாம் சாப்பிடும்போது போட்டுக்கலாம். இட்லின்னா மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவினது. தேங்காய்ச் சட்னி வேண்டாம், காருக்குள்ள பத்து மணிக்கே நூல் விட ஆரம்பிச்சிடும். சாப்பாட்டைக் கோட்டைக்குள்ள பிரிக்காதீங்க. மேலே சொன்ன குரங்குங்க இருக்காங்களே, வரிசையா வந்து உட்காருவாங்க. கார்லயே சாப்பிட்டுடுங்க, இல்லைன்னா ஊருக்குள்ள ஹோட்டல்.

பாலத்துக்கு அந்தப்பக்கம்

குதிரை லாயத்துல உட்கார வெச்சு தேசிங்கு ராஜா கதையைச் சொல்லுங்க. 1714-ல ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துச் சின்னப் படையோட போய் மோதி, இளவயசுலயே செத்தவர். அவரோட குதிரை, உயிர்த்தோழன் முகமத்கான். ரெண்டும் நாட்டுப்புறக் கதையில வர்றது, பிள்ளைகளுக்கு ராஜாவைவிடக் குதிரையைத்தான் பிடிக்கும். அதுக்கு முன்னாடி, 1677-ல சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடிச்சார். அப்புறம் முகலாயர், ஆற்காடு நவாப், 1750-ல பிரெஞ்சுக்காரங்க, 1761-ல இங்கிலீஷ்காரங்கன்னு கை மாறிக்கிட்டே போச்சு. 2025-ல மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்ங்கிற பட்டியல்ல 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமா அறிவிச்சது. தமிழ்நாட்டுல இருந்து அதுல இருக்கிறது செஞ்சி மட்டும்தான்.

பாண்டிச்சேரி பீச்சுல காந்தி சிலையைச் சுத்தி உயரமான கல் தூண்கள் நிக்கும் இல்ல? இங்கேயிருந்து பிரெஞ்சுக்காரங்க எடுத்துட்டுப் போனது. உங்க பொண்ணு பாண்டிச்சேரிக்குப் போயிருந்தா அதை ஞாபகப்படுத்துங்க.

காவிரிக்கரை

சென்னையில இருந்து வர்றவங்களுக்குச் செஞ்சி சரி. திருச்சி, மதுரைப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவங்க அவ்வளவு தூரம் பிள்ளைகளை அலைக்கழிக்க வேண்டாம். புதுக்கோட்டையில இருந்து காரைக்குடி ரோட்டுல 20 கிலோமீட்டர்ல திருமயம். 1687-ல சேதுபதி கட்டினது, சின்ன மலை, மூணு வயசுப் பிள்ளையே சொந்தக் கால்ல மேலே போயிடும், உச்சியில பீரங்கி இருக்கு. பாதி வழியில பாறைக்குள்ள குடைஞ்ச சிவன் சந்நிதி, அதுக்கு இரும்பு ஏணியில ஏறணும். பெரியவங்க மாறி மாறிப் பார்த்துட்டு வாங்க, பிள்ளையோட ஏறாதீங்க.

நாமக்கல் கோட்டையும் அப்படித்தான், ஊர் நடுவுல ஒத்தைப் பாறை, அரை மணிக்குள்ள மேலே. ஆனா மொட்டைப் பாறை, படி பாறையிலயே வெட்டினது, வழுக்கும். 9 மணிக்கு முன்னாடி ஏறி இறங்கிட்டு, கீழே 18 அடி ஆஞ்சநேயரைப் பார்த்துட்டு வந்துடலாம். திண்டுக்கல் மலைக்கோட்டை பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகளுக்கு. கைக்குழந்தையோட போறவங்களுக்கு அது நீளம்.

பஸ்ல போறவன்

கார் இல்லாதவங்களுக்காக. செஞ்சிக்கு ரயில் கிடையாது. கிளாம்பாக்கத்துல திருவண்ணாமலை பஸ்ஸுல ஏறி செஞ்சியில இறங்கணும். பஸ் ஸ்டாண்டுல இருந்து கோட்டைக்கு ஆட்டோ. இறங்கும்போதே அந்த ஆட்டோக்காரர் நம்பரை வாங்கி, திரும்பி வர வேண்டிய நேரத்தைச் சொல்லிடுங்க. வாசல்ல மதியத்துல ஆட்டோ நிக்கும்னு நம்பி இருக்காதீங்க. தூங்குற பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வெயில்ல ரெண்டு கிலோமீட்டர் நடக்கிறதுதான் அப்புறம்.

கார்ல போறவங்களுக்கும் சேர்த்து: தேதியைக் குறிக்கிறதுக்கு முன்னாடி காலண்டர்ல பௌர்ணமி பாருங்க. சென்னையில இருந்து திருவண்ணாமலைக்குப் போற கிரிவலக் கூட்டம் பெரும்பாலும் திண்டிவனம், செஞ்சி வழியாத்தான் போகும். பஸ்ஸுல நிக்க இடம் கிடைக்காது, சாயங்காலம் ரோடே நகராது. சனிக்கிழமை பௌர்ணமியா அமைஞ்சா அதுக்கு அடுத்த வாரம் போங்க.